நான்காம் தட்டு

நான்காம் தட்டைப் பற்றி இதுவரை மூன்று மேடைகளில் பேசியிருக்கிறேன். மூன்றிலும் பொய். மேடையில் சொல்லும் பொய்க்குக் கைதட்டல் உண்டு, சால்வை உண்டு, மத்தியானச் சாப்பாடும் உண்டு. இங்கே எழுதுவதற்கு அதெல்லாம் கிடையாது. அதனால் உள்ளதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பூவராகன். செங்கால்மேடு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை விஞ்ஞானி. நிலக்கரியை இனி எரிக்கக் கூடாது என்று சட்டம் வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியில் புறாக்கள் குடித்தனம் நடத்தின. ஆனால் குழிக்குள் கரி அப்படியே கிடந்தது, அதை நம்பி நாலாயிரம் குடும்பமும் கிடந்தது. எரிக்காமல் கரியைக் காசாக்க வழி சொன்னால் சுரங்கம் பிழைக்கும், இல்லையென்றால் குழிக்குள் தண்ணீரை விட்டு மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வழி சொல்ல வேண்டிய ஆள் நான்.

கரி என்பது மண்ணுக்குள் அழுந்திக் கிடக்கும் மரம். செத்த மரத்தைக் காளான் தின்று தீர்க்கிறதே, அது பல்லால் தின்பதில்லை, தான் கசியவிடும் நொதியால் தின்கிறது. என்சைம் என்றால் இன்னும் சுலபமாகப் புரியும். அதையே கரியின் மேல் ஏவிவிட்டால் கரி உடைந்து பிசினாகும், சாயமாகும், மருந்துக்கு மூலப்பொருளாகும். நெருப்பும் வேண்டாம், புகையும் வேண்டாம். இடைஞ்சல் ஒன்றே ஒன்று. கரி தண்ணீரில் இளகாது, நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் போல வாடையடிக்கும் சில கரைப்பான்களில்தான் இளகும். நொதிக்கோ தண்ணீர் இருந்தால்தான் உடம்பு வளையும், கரைப்பானில் போட்டால் விறைத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் மூன்று வருடம் தரகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம் மேற்பார்வைக் குழுவின் தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, நல்ல மனிதர், வேதியியல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவருக்குத் தமிழில் விளக்கினேன்.

"தண்ணியில்லாத எடத்துல இதுக்கு உயிர் இருக்குமா டாக்டர்?"

"இருக்கும் சார். ஆனா வளைஞ்சு குடுக்காது. கஞ்சி போட்ட வேட்டிய எப்படிக் காய வெக்கறோமோ அப்படியே நிக்குதுல்ல, அது மாதிரி. முதல்ல தண்ணியில கரைச்சு, உறைய வெச்சு, காய வெச்சுப் பொடியாக்குவோம். அப்புறம்தான் கரைப்பான்ல போடுவோம். கடைசியா இருந்த தண்ணியில அது என்ன பாத்துச்சோ, அத மறக்காது."

"திரும்பத் தண்ணி பட்டா?"

"மறந்துடும். துவைச்ச வேட்டி மாதிரி."

அவர் சிரித்தார். அந்த உவமை எனக்கே பிடித்துப்போய், அன்று சாயங்காலம் வீட்டிலும் ஒருமுறை சொன்னேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு நாலு முழம் பின்னால் தொட்டியில் ஒரு பெண் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அது வெறும் தண்ணீர்ச் சத்தம்.

அவர் பெயர் கொளஞ்சி. விருத்தாசலம் பக்கத்தில் இந்தப் பெயரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. இப்போது மரியாதையாக 'அவர்' என்று எழுதுகிறேன், அப்போது நீ, வா, போ தான். அவருடைய ஊரான சாத்தன்கொல்லையைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு தோண்டியாயிற்று. ஊர் இருந்த இடத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை என்று உத்தரவு. முறை வரும்வரை ஒப்பந்தக்காரரிடம் பாத்திரம் கழுவும் வேலை. பத்தொன்பது வருடமாக முறை வந்துகொண்டே இருந்தது. நாற்பத்தைந்து வயது முடிந்தால் உரிமை போய்விடும். அவருக்கு நாற்பத்து நான்கு. தை மாதப் பட்டியலில் பெயர் நிச்சயம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை அவர்மேல் ஒரு கெட்ட குறிப்பும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

அவருக்கு அந்த வேலை வேண்டியிருந்தது கணவருக்காக. தனகோட்டிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தம் செய்யப் பாண்டிச்சேரிக்குப் பேருந்தில் போய் வருவார். நிரந்தரமானால் எங்கள் சுரங்க ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம், வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை குழு முடிவெடுக்க வருவதாக இருந்தது. அதுவரை முப்பத்தெட்டு முறை பொடி தயாரித்து முப்பத்தெட்டும் கரியைத் தொடாமல் வேடிக்கை பார்த்திருந்தன. முப்பத்தொன்பதாவதுதான் கடைசி. எங்களிடம் பொடி காய வைக்க ஆறு செம்புத் தட்டுகள் உண்டு, விளிம்பில் எண் குத்தியிருக்கும். திங்கட்கிழமை காலை தட்டுகளை வெளியே எடுத்துச் சுரண்டினோம். ஐந்தில் பொடி வெள்ளையாக இருந்தது. நான்காம் தட்டில் சாம்பல் நிறம். அதன்மேல் சுருண்டுகொண்டு ஒரு நார்.

"என்ன இது?" என்று கொளஞ்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"புளி நாருங்க சார். கழுவுற மருந்து தீந்து போச்சி, அஞ்சு தட்டுக்குத்தான் வந்துச்சி. இந்த ஒண்ண மட்டும் புளி போட்டுத் தேச்சன். மடிப்புல நின்னுருக்கும் போல."

"இந்தக் கருப்பு?"

"அது கரித்தூளு சார். அது வந்து..."

"ஆய்வுக்கூடத் தட்டு உனக்கு அடுப்பங்கரைச் சட்டியா? இத அலசினியா, இல்ல நாய் நக்குன மாதிரி விட்டுட்டியா?"

"சார், நான் சொல்றத ஒரு நிமிசம்..."

"வாயத் திறக்காத."

கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். கொளஞ்சி வாயை மூடிக்கொண்டார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நான் போகச் சொல்லும்வரை அங்கேயே நின்றார். எனக்கு அடுத்த நிலையில் இருந்த ஃபர்ஹானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே ஒப்பந்தக்காரருக்குக் குறிப்பு எழுதினேன். எனக்கு நன்றாகத் தமிழ் எழுத வரும் என்று ஒரு கர்வம் உண்டு. நாலே வரி, பிசிறில்லாமல் எழுதினேன். மறுநாள் அவரை நிறுத்திவிட்டார்கள்.

புதன்கிழமை மதியத்துக்குள் ஐந்து தட்டுப் பொடியும் தோற்றுவிட்டன. கரி கரைப்பானுக்கு அடியில் கல்லாக உட்கார்ந்திருந்தது. நான் ராஜினாமாக் கடிதத்துக்கு முதல் வரி யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

"நாலாம் தட்டு இருக்கே சார்" என்றாள் ஃபர்ஹானா.

"அது குப்பை."

"குப்பைன்னாலும் பாத்துடலாம். தூக்கித்தானே போடப் போறோம்?"

போட்டாள். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் குடுவையில் இருந்த திரவம் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. நாலு மணிக்கு நல்ல டிகாக்ஷன். ஐந்து மணிக்கு அடியில் கரியே இல்லை. குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மூன்று வருடமாக நான் கனவில் கண்ட நிறம் அது. ஃபர்ஹானா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள், நானும்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் முதலில் கணக்குப் போட்டது அவள்தான்.

"புளியில இருக்கற டார்டாரிக் அமிலம் சார். கடைசியாப் பாத்த தண்ணி அதுதான். செம்புத் தட்டுல புளி போட்டா கொஞ்சம் செம்பும் கரைஞ்சு வரும். நம்ம நொதிக்கு உள்ள செம்பு இருந்தாத்தானே வேலையே நடக்கும்?"

"ஆமா."

"அப்ப கொளஞ்சியக்காவக் கூப்பிட்டு, எவ்வளவு போட்டாங்க, எப்படித் தேச்சாங்கன்னு கேக்கணும் சார். வேலைக்கும் திரும்ப எடுத்துடலாம்."

"குழு போகட்டும்."

"ஒரு ஃபோன்தானே சார்?"

"இது தற்செயல் ஃபர்ஹானா. தவறுதலா விழுந்தது. தவறுதலா விழுந்ததுக்கு யாரும் சொந்தக்காரங்க இல்ல."

இந்த வாக்கியத்தைப் பிறகு எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல வாக்கியம். தூக்கம் வராத நேரத்தில் மாத்திரையை விட வேகமாக வேலை செய்தது.

வியாழக்கிழமை குழுவுக்கு முன்னால் கரி கரைந்தது. தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அறிக்கையில் 'டார்டாரிக் அமில முன்பதப்படுத்தல்' என்று எழுதினேன், அவர்கள் அதைப் 'பூவராகன் முறை' என்று மாற்றினார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன்.

கொளஞ்சியைத் திரும்பக் கூப்பிட வேண்டுமென்றால் என் குறிப்பைத் திரும்பப் பெற வேண்டும். குறிப்பைத் திரும்பப் பெற்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் அந்தப் புளி நார் அறிக்கைக்குள் வந்துவிடும். அதனால் குழு போகட்டும் என்றிருந்தேன். குழு போயிற்று. பிறகு நிதிக் குழு வந்தது, அது போகட்டும் என்றிருந்தேன். பிறகு டெல்லியில் கூட்டம். வெட்கப்படும் வேலையைத் தள்ளிப்போட மனுஷனுக்குக் காரணமா கிடைக்காது?

இதற்கிடையில் இன்னொரு சங்கடம். கடையில் வாங்கிய சுத்தமான டார்டாரிக் அமிலத்தைப் போட்டு, அதே செம்புத் தட்டில், அதே நொதியைக் காய வைத்தேன். கரி மூன்றில் ஒரு பங்குதான் கரைந்தது. அளவை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், புளியையே வாங்கிக் கரைத்து ஊற்றினேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு சொட்டு நகரவில்லை. ஆனால் குழுக்கள் வந்துகொண்டே இருந்தன. ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் அந்த நான்காம் தட்டுப் பொடியையே எடுத்துக் காட்டினேன். பனிப்பெட்டியில் ஒரு சின்னப் பாட்டிலில் இருந்தது. பார்வையாளர் வந்தால் ஒரு கரண்டி. கைதட்டல். பாட்டில் மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டு, அடுத்த தடவைக்குள் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

தை மாதம் பட்டியல் வந்தது. சாத்தன்கொல்லையிலிருந்து நாலு பெயர் இருந்தது. கொளஞ்சி இல்லை. மறுநாள் நுழைவுவாயிலில் அனுமதிச் சீட்டு ஜன்னலுக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்ததைக் காருக்குள் இருந்து பார்த்தேன். டிரைவரிடம் வடக்கு வாயில் வழியாகப் போகச் சொன்னேன். ஐந்து கிலோமீட்டர் சுற்று. பங்குனியில் அவருக்கு வயது முடிந்தது. தேதி எனக்குத் தெரியும், கோப்பில் பார்த்திருந்தேன். அன்று எனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டேன்.

அடுத்த கார்த்திகையில் பெரிய ஆலை திறப்பதாக நாள் குறித்தார்கள். இனிமேல் கரண்டிக் கணக்கு உதவாது, டன் கணக்கில் பொடி வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை ஃபர்ஹானா அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். அடியில் ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும் சார். அதுக்கப்புறம் என்ன காட்டுவீங்க?"

நான் பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

"அவங்களத்தான் கேட்டாகணும். நான் உங்ககூட வரல. அன்னைக்கு நானும் தரையப் பாத்துட்டுத்தான் நின்னேன். என் மன்னிப்ப நான் தனியாப் போய்க் கேட்டுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். போவதற்கு முன்னால் ஒரு கடிதம் தயார் செய்துகொண்டேன். 'திருமதி கொளஞ்சி அவர்களால் நான்காம் தட்டில் தவறுதலாகப் புளியும் பிற அசுத்தங்களும் கலந்ததன் மூலம் இம்முறை கண்டறியப்பட வழி ஏற்பட்டது' என்று தொடங்கும். அவர் பெயரை எழுதிவிட்டேன், இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் என்று வழியெல்லாம் நெஞ்சு நிமிர்ந்துதான் போனேன்.

மாற்றுக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒன்றுபோல இருக்கும். அவர் வீட்டு வாசலில் முந்திரிக்கொட்டை மலையாகக் குவிந்திருந்தது. கொளஞ்சி அதன் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டைப் பால் படாமலிருக்கக் கையெல்லாம் சாம்பல் பூசியிருந்தது, அதையும் மீறி விரல் நுனிகள் வெந்து கறுத்துப்போயிருந்தன. பத்தொன்பது வருடம் என் ஆய்வுக்கூடத்தில் ஈரத்தில் இருந்த கை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த தனகோட்டியும் எழுந்திருக்கப் பார்த்தார். நேற்றுதான் பாண்டிச்சேரி போய் வந்திருந்தார், முடியவில்லை.

"வாங்க சார். அந்த நாற்காலிய இழுத்துப் போட்டுக்குங்க."

"நீங்க உக்காருங்க" என்றேன்.

"என்னா சார், புதுசா 'நீங்க' போடுறீங்க?" என்றார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை.

கடிதத்தை நீட்டினேன். கையைக் கழுவி, துடைத்து, மாடத்தில் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். பாதியில் நின்றார்.

"இது தப்பு சார்."

"எது?"

"தவறுதலான்னு எழுதியிருக்கீங்க. தவறுதலா ஒண்ணும் விழுவல. நாந்தான் போட்டன்."

"புளியா?"

"புளி, மருந்து தீந்துபோயி தட்டு கருத்துக் கெடந்ததுக்கு. செம்பு புளி போட்டாத்தான் வெளுக்கும். அத உடுங்க. கரித்தூளு நெனச்சிப் போட்டது சார்."

எனக்குப் புரியவில்லை. அந்தக் கறுப்பை நான் அழுக்கு என்றே நினைத்திருந்தேன். ஒரு வருடமாகப் புதுப் பொடியில் அது வந்துவிடக் கூடாது என்று தட்டை மூன்று தடவை அலச வைத்திருந்தேன்.

"ஏன் போட்டீங்க?"

"நீங்கதான சார் சொன்னீங்க. அந்தப் பெரியவரு வந்தாரே, அன்னைக்கு. கஞ்சி போட்ட துணி மாதிரி, கடைசித் தண்ணியில பாத்தத மறக்காதுன்னு. நான் பின்னால கழுவிகிட்டே கேட்டன். வூட்டுக்கு வந்து யோசன பண்ணிப் பாத்தன். கஞ்சி போட்ட துணிய ஒரு சொம்பு மேல போட்டுக் காய வெச்சா, சொம்ப எடுத்தாலும் துணி சொம்பு மாதிரியே நிக்குமில்ல? அப்ப இதுக்கும் கரிய மின்னாடியே காட்டிட்டுக் காய வெச்சா என்னா? கடைசித் தண்ணியில கரியப் பாக்கவே இல்லன்னா, அங்க போயி அது கரிய எப்பிடிக் கண்டுக்கும்?"

 அவர் சொன்னதற்கு அறிவியலில் பெயர் உண்டு. நான் அதை மாணவனாக இருந்தபோது படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். உவமையைச் சொன்னவன் நான், அதன் அர்த்தத்தைக் கண்டுபிடித்தவர் அவர்.

"ஒரு தட்டுல மட்டும் ஏன்..." என்று இழுத்தேன்.

"கெட்டுப் போனா ஒண்ணுதான கெடும்? மீதி அஞ்சும் உங்க முறைப்படிதான் கழுவுனன். ஒண்ண மாத்துனா மத்தத மாத்தக் கூடாதுன்னு ஃபர்ஹானாம்மாகிட்ட தெனம் சொல்லுவீங்களே. இடிச்சி, சலிச்சி, காய வெக்கறதுக்கு மின்னாடி அந்தத் தட்டுல ரெண்டு சிட்டிக போட்டன். திங்கக்கெழம சுரண்டுனதும் சொல்லலாம்னுதான் இருந்தன். கேட்டுட்டுப் போட்டிருக்கணும், அது என் தப்புத்தான். கேட்டா உட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன்.

"சொல்ல வந்தன் சார்" என்றார் மறுபடியும். குரலில் கோபம் இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தனகோட்டி உள்ளிருந்து, "அந்தக் காயிதத்த எடுத்துக் காட்டேன்" என்றார்.

கொளஞ்சி டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். குடும்ப அட்டை, நிலம் எடுத்த உத்தரவு, அதன் கீழே என் குறிப்பின் நகல். ஒப்பந்தக்காரர் கொடுத்திருக்கிறார். என் கையெழுத்து, என் அழகான தமிழ்.

'ஐப்பசி முப்பத்தொன்பதாம் தயாரிப்பில், செம்பாலான நான்காம் தட்டில் மட்டும் புளி நாரும் நுண்ணிய நிலக்கரித் தூளும் காணப்பட்டன. ஏனைய ஐந்து தட்டுகள் தூய்மையாக இருந்தன. இவற்றைச் சேர்த்தவர் கொளஞ்சி என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இது மன்னிக்க முடியாத கவனக்குறைவு.'

இரண்டு முறை படித்தேன். செம்பு, புளி, கரி, எந்தத் தட்டு, எந்தத் தயாரிப்பு, ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து தட்டு, செய்தவர் பெயர். நான் மூன்று மேடையில் பேசியதிலும் டெல்லிக்கு அனுப்பிய இருநூறு பக்கத்திலும் இல்லாத முழுச் செய்முறை இந்த நாலு வரியில் இருந்தது. அவருடைய கண்டுபிடிப்புக்கு உலகத்தில் ஒரே சாட்சி, அவரை வேலையை விட்டுத் துரத்த நான் எழுதிய காகிதம்.

"நிரந்தர வேலை..." என்றேன். "வயசு விஷயத்துல நான் மேலிடத்துல பேசிப் பாக்கறேன்."

"அது முடிஞ்சி போச்சி சார். பங்குனியோட. நானே மூணு தபா மனு குடுத்துப் பாத்துட்டன்."

"வேற என்ன செய்யணும்? சொல்லுங்க."

அவர் யோசித்தார். உடைத்த பருப்பு ஒன்றை எடுத்துத் தோலை உரித்து அப்படியே வைத்தார்.

"அந்தக் கடைசி வார்த்தைய எடுத்துடுங்க சார். கவனக்குறைவுன்னு. நான் கேக்காம செஞ்சன், அது சரி. கவனமில்லாம ஒரு பாத்திரமும் கழுவுனது கெடயாது. அன்னைக்கு அங்க ஒம்போது பேரு இருந்தாங்க. அவங்க மின்னாடி படிச்சிட்டு எடுங்க."

"செய்யறேன்."

"பொடி இப்ப சரியா வரலதான?"

நான் தலையாட்டினேன். அதற்காகத்தான் வந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கடிதமும் 'நீங்க'வும் வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வந்த லட்சணம், மறுபடியும் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன்.

"நாளைக்கி வர்றன். நாலாயிரம் பேரு வூட்டு அடுப்பு அதுல எரியுது, நீங்க பண்ணதுக்கு அவங்க என்னா பண்ணுவாங்க? ஆனா கழுவ மாட்டன். பக்கத்துல இருந்து சொல்றன்."

"யார வெச்சுக் கழுவறது?"

"நீங்கதான் சார்."

திங்கட்கிழமை காலை பத்து மணி. ஒன்பது பேரில் எட்டுப் பேர் இருந்தார்கள், வேறு ஊருக்கு மாற்றலாகிப்போன ஒருவரையும் ஃபர்ஹானா தொலைபேசியில் கூப்பிட்டு வைத்திருந்தாள். குறிப்பைப் படித்தேன். கடைசி வார்த்தையையும் படித்தேன், பிறகு எல்லோரும் பார்க்க அதை அடித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தை முதல் பக்கமாக வைத்துக் குழுவுக்குப் புது அறிக்கை போயிருக்கிறது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே பெயர்தான். ஒப்பந்தத் தொழிலாளி பெயரை அந்த இடத்தில் போட விதி இடம் தருமா என்று பார்த்துச் சொல்கிறார்களாம். இன்னும் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிய கடிதத்துக்கும் விதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தனகோட்டி இந்த வாரமும் பாண்டிச்சேரிப் பேருந்தில்தான் போனார்.

அன்று தொட்டிக்கு முன்னால் நான் நின்றேன். பக்கத்தில் கொளஞ்சி நாற்காலியில். புளியை எவ்வளவு எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்று சொல்லச் சொல்லத் தேய்த்தேன். எட்டுப் பேரும் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு பாத்திரம் கழுவினேன். தட்டு வெளுத்துச் சிவந்து வந்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று தடவை அலசி அவர் கையில் கொடுத்தேன்.

அவர் வெளிச்சத்துக்குத் திருப்பி, வெந்த விரல் நுனியால் விளிம்பு மடிப்பைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. நகத்தால் நெம்பி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சின்னதாக ஒரு புளி நார்.

"அது வந்து..." என்று வாயெடுத்தேன்.

 கொளஞ்சி தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்" என்றார்.

நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதற்காக, தண்ணீர்க் குழாயையும் மூடினார்.